மாசி மகத்தில் ஆள் எண்ணப் போனது

தெருவில் படுக்கிறவர்களை எண்ணும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆளுக்கு ஒரு போன், அதில் வரிசையாகக் கேள்வி, கழுத்தில் அடையாள அட்டை! நான் இந்த வேலைக்குப் போன காலத்தில் என் கையில் இருந்தது ஒரு துணிப்பை. அதற்குள் தகர வில்லைகள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது எனக்கு, இன்றைக்கும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உங்களில் ஒரு பெண்தான் எழுதிக்கொள்கிறாள். "ஆயா, நீங்க பேசறத கொஞ்சம் திருத்திக்கறேன்" என்றாள். என் பேச்சை எப்படி வேண்டுமானாலும் தலைசீவி, பூ வைத்துக்கொள். மற்றவர்கள் பேசினதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிற இடம் ஒன்று இருந்தது. எந்த ஆபீஸ் நடத்தியது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நான் அங்கே கரண்டி பிடிக்கிறவள். பேர் தேவானை. இருபத்துமூன்று, இருபத்துநாலு வயசு, வாய் மட்டும் நாற்பது வயசு என்பார் எனக்கு முன்னால் கரண்டி பிடித்த பெரியவர்.

அந்தப் பெரியவரின் பேரை நான் கேட்டதே இல்லை. எல்லோரும் பெரியவரே என்றார்கள், நானும் பெரியவரே என்றேன். வேலையை விட்டுப் போகிற அன்று கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு ரகசியம் சொன்னார். "தேவானை, யாருக்கு வீடு இருக்குது, யாருக்கு இல்லன்னு மூஞ்சப் பாத்துத் தெரிஞ்சிக்க முடியாது. தூங்கறவனத் தொட்டு எழுப்பு. வீடு இருக்கறவன், 'யாருய்யா நீ?'ன்னு கேப்பான். இல்லாதவன் எதையும் கேக்க மாட்டான். மூட்டைய எடுத்துக்கினு நகருவான். அவன எழுப்பி எழுப்பிப் பழக்கி வெச்சிருக்குது ஊரு."

அடுத்த நாளே நாலு பேரைத் தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம். படித்தவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற தலைக்கனம். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த மாசியில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. துறைமுகத்துப் பக்கம் சும்மா கிடந்த மல்லாட்டைக் கிடங்கு, அதாவது வேர்க்கடலைக் கிடங்கு ஒன்றைக் கழுவி, பாய் போட்டு, வீடில்லாதவர்கள் படுக்கிற இடமாக ஆக்கப்போகிறார்கள். ஒருவேளைச் சோறு உண்டு. நர்ஸம்மா தினமும் வந்து பார்ப்பார். எத்தனை பாய் வேண்டும் என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஒருநாள் விடியற்காலையில் போய் ஆள் எண்ணி, பேர் எழுதி, ஆளுக்கொரு நம்பர் அடித்த வில்லையைக் கையில் கட்டிவிட வேண்டும். வில்லை இருக்கிறவர்களுக்குத்தான் கிடங்கில் இடம்.

பேர் எழுத வந்தவர் முசியே அந்துவான், அதாவது அந்துவான் ஐயா. எங்கள் ஆபீஸ் குமாஸ்தா. பிரெஞ்சுக்காரனிடம் வேலை பழகினவர். கஞ்சி போட்ட கால்சட்டை, தலையில் தொப்பி, ஒரு கையில் மைக்கூடு. வெயிலோ மழையோ இல்லாவிட்டாலும் இன்னொரு கையில் குடை. அவருக்கு ஒரு பெருமை இருந்தது. இருபத்தேழு வருஷமாக அவர் எழுதின எந்த நோட்டிலும் ஓர் அடித்தல் கிடையாது. "நான் எழுதினா எழுதினதுதான்" என்பார். அவர் பெண்டாட்டி அதைச் சொல்லிச் சொல்லி அழுவாள் என்று கேள்வி. ஏன் என்று எனக்குத் தெரியாது.

போகும்போதே அவருக்கு ஒரு புத்தி சொன்னேன். "முசியே, வீடு இருக்குதான்னு மட்டும் கேட்டுடாதீங்க. இல்லாதவங்க மானத்துக்கு பயந்துக்கினு இருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. நேத்து ராத்திரி எங்க படுத்தீங்கன்னு கேளுங்க."

அவர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பரவாயில்லயே தேவானை. மூளை இருக்குதே."

இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல கேள்விதான். ஆனால் அதை அன்றைக்குக் கேட்டிருக்கக் கூடாது. ஏனென்றால் அன்று மாசி மகம்.

மேலிடத்தில் தேதி குறித்த புண்ணியவானுக்கு எங்கள் ஊர் மாசி மகம் தெரியாதுபோல. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். சாமி வந்தால் ஜனம் வராதா? முதல் நாளே வண்டி கட்டிக்கொண்டு வந்து, கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே துண்டை விரித்துவிடுவார்கள். மார்க்கெட் தாழ்வாரத்தில் கால் வைக்க இடமில்லை. ஊரே தெருவில் படுத்திருந்தது!

முசியே குடையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். "தேவானை, இதுல யாரு யாரு?"

"நான் இருக்கறப்ப உங்களுக்கு இன்னா பயம்?" என்றேன். சொன்னேனே, தலைக்கனம்.

தொட்டு எழுப்ப ஆரம்பித்தேன். "யாருடி அவ?" என்றால் விட்டுவிடுவேன். "வண்டிய பூட்டியாச்சா?" என்றாலும் விட்டுவிடுவேன். வாயைத் திறக்காமல் மூட்டையை எடுத்தால் முசியேவைக் கூப்பிடுவேன். பாதிப்பேர் என் கையால் கஞ்சி குடிக்கிறவர்கள்தான், இருட்டிலேயே தெரியும். வேலை ஜோராக நடந்தது.

ஒரு தூணுக்கு அடியில் ஒருவர் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். தொட்டேன். எழுந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா முசியே, நம்ம ஆளு" என்றேன்.

"பேரு?"

"பாகூர் வீராசாமி மகன் தட்சிணாமூர்த்தி."

அதை அவர் சொன்ன கம்பீரத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

"வயசு?"

"அம்பத்தெட்டு."

"நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?"

"இங்கதான்."

முசியே எழுதிவிட்டார். நான் அவர் கையில் வில்லையைக் கட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத கட்டிக்கினா தனி வரிசையாம்மா?"

"ஆமாங்க ஐயா, தனி வரிசைதான்."

"நல்லா இரு" என்று என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். நான் கிடங்குச் சோற்று வரிசையைச் சொன்னேன். அவர் சாமிப் பிரசாத வரிசையை நினைத்துக்கொண்டார்.

தாழ்வாரத்தின் கோடியில் ஒரு பெண் போர்த்திக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் தகரப் பெட்டி. செருப்பை ஜோடியாக, ஒழுங்காக, வாசலில் விடுவதுபோல் விட்டிருந்தாள். தொட்டேனோ இல்லையோ, விருட்டென்று தலையைத் தூக்கினாள்.

"யாருடி நீ? கைய எடு! தொட்டு எழுப்பறதுக்கு நான் இன்னா ஒன் வீட்டு மாடா?"

"தெரியாம தொட்டுட்டேன், படுத்துக்கோங்கம்மா" என்று இரண்டடி பின்னால் போய்விட்டேன். முசியே தொப்பியைக் கழற்றியே விட்டார். "பெரிய எடம்போல" என்று என் காதில் சொன்னார். இரண்டு பேரும் நகர்ந்துவிட்டோம்.

வெயில் ஏறுவதற்குள் முசியே கூட்டலைப் போட்டு, அடியில் இரண்டு கோடு கிழித்தார். மத்தியானம் லிஸ்டின் நகல் பெரிய ஆபீசருக்குப் போய்விட்டது. அந்தக் கணக்குக்குப் பாய் வாங்க ஆளும் போய்விட்டது.

மறுநாள் கஞ்சி வரிசையில் ஒரு தட்டு நீண்டது. பீங்கான் தட்டு, பிள்ளைகளா! ஓரமெல்லாம் நீலப்பூ. நான் அலுமினியக் குவளையையும் தகர டப்பாவையும் பார்த்துப் பழகினவள், கரண்டியோடு நின்றுவிட்டேன்.

"இந்தத் தட்டுலயா கஞ்சி ஊத்தறது?" என்றேன்.

"சூப்புன்னு நெனச்சிக்கினு ஊத்து" என்றது ஒரு குரல்.

நிமிர்ந்தேன். நேற்று மாடா என்று கேட்டவள். போர்வை இல்லாமல் இன்றைக்குத்தான் முழுதாகப் பார்க்கிறேன். ஏழு மாத வயிறு.

கரண்டியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு இவளைத் தனியாகக் கூட்டிப்போனேன். பேர் மதலேன். பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் பதினோரு வருஷம் வேலை. அந்த வீட்டுப் பின்கட்டு அறைதான் வீடு. மதாம் குடும்பம் கப்பல் ஏறிப் போய்விட்டது. போகும்போது ஆறு தட்டு கொடுத்தார்களாம். வீட்டை வாங்கினவர் பூட்டைப் போட்டுவிட்டார். புருஷன் கப்பல் வேலைக்குப் போனவன், கடுதாசி இல்லை. காரைக்காலில் ஓர் அக்கா இருக்கிறாளாம். அங்கே போக முடியாது என்றாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெருவுக்கு வந்து ஐந்து நாள்.

ஐந்தே நாள்! அவளை எழுப்பிப் பழக்க ஊருக்கு நேரம் போதவில்லை. என் சோதனையில் அவள் வீட்டுக்காரியாகத் தேறிவிட்டாள். பெரியவர் சொன்னது பொய்யில்லை பிள்ளைகளா. ஆனால் அது வெகுநாளாகத் தெருவில் இருக்கிறவனைக் காட்டும். நேற்றுத்தான் தெருவுக்கு வந்தவளைக் காட்டாது. ஒரே அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் இப்படித்தான் ஆகும்.

என் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றால், ஒரே அறையில் ஒன்பது பேர். அதில் என் மாமியார் ஒருத்தியே ஆறு பேருக்குச் சமம். அவளுக்கு வேண்டியது கிடங்கில் ஒரு பாயும், தினமும் வந்து பார்க்கிற நர்ஸம்மாவும். இல்லாவிட்டால் மார்க்கெட் தாழ்வாரத்தில்தான் பிள்ளை பிறக்கும். அது என் தப்பால் நடக்கும்.

நேராக முசியேவிடம் போனேன். மதலேன் தகரப் பெட்டியை வாசலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"முசியே, ஒரு பேரு விட்டுப்போச்சி."

"விட்டுப்போவாது. கூட்டல் போட்டாச்சி."

"பின்னால ஒண்ணு சேத்துக்கோங்களேன்."

"கோட்டுக்குக் கீழயா?" அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் ஏதோ கோயில் உண்டியலை உடைக்கச் சொன்னதுபோல் பார்த்தார். "நகல் போயிருக்குது தேவானை. பாய் அந்தக் கணக்குக்குத்தான் வருது. புதுசா ஒரு பேருன்னா, எண்ணினது தப்புன்னு நானே எழுதிக் குடுக்கணும். வந்திருக்கற பெரிய ஆபீசரு எப்படிப்பட்டவருன்னு தெரியுமா? போன மாசம் ரெண்டு பேர வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் பெரிய சத்தம். "எவன்டா இங்க பேரு எழுதினவன்?"

தட்சிணாமூர்த்தி! முந்தின நாள் அழுக்குப் போர்வை இல்லை. சரிகை வேட்டி, காதில் கடுக்கன். கையில் மட்டும் என் வில்லை அப்படியே இருக்கிறது. சணல் முடிச்சு அவிழவில்லையாம். நான் முடிச்சுப் போட்டால் அப்படித்தான்.

"பாகூர்ல எனக்கு மூணு கட்டு வூடு! நாப்பது காணி நஞ்ச! பிரசாதத்துக்கு வரிசைல நிக்கறேன், ஒருத்தன் இத பாத்துட்டு, 'பெரியவரே, இது வூடு இல்லாதவங்களுக்குக் கட்டறது'ங்கறான். பக்கத்துல யாரு நிக்கறாரு? எனக்கு வரப்போற சம்பந்தி! அந்த ஆளு என் கையப் பாக்கறாரு, என் மூஞ்சப் பாக்கறாரு. என் பேர அடிங்க! இப்பவே அடிங்க!"

"அப்ப எழுப்பறப்ப ஏங்க வாயத் தொறக்காம நகந்தீங்க?" என்றேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

"சாமி வருது, வழிய விடச் சொல்றாங்கன்னு நெனச்சேன்டி!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முசியேவுக்கோ அழுகை வருகிறது. நோட்டைத் திறக்கிறார், பேனாவை எடுக்கிறார், மையில் தோய்க்கிறார், திரும்பவும் தோய்க்கிறார். இருபத்தேழு வருஷத்தில் முதல் அடித்தல்!

சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே ஒரு பாய்க்கு ஆள் இல்லை. இங்கே ஓர் ஆளுக்குப் பாய் இல்லை. கூட்டல் சரியாகத்தானே இருக்கிறது!

"ஐயா, கொஞ்சம் பொறுங்க" என்று நடுவில் போய் நின்றேன். "பேர அடிச்சா இன்னா ஆவும்? நோட்டு பூரா சுத்தமா இருக்குது. ஒரே ஒரு பேர்ல கோடு. நாளைக்கு எவன் பொரட்டினாலும் மொதல்ல அதத்தான் படிப்பான். இது யாரு, ஏன் அடிச்சாங்கன்னு கேப்பான். ஒங்க கதைய ஒருத்தன் ஒருத்தனுக்குச் சொல்லுவான். அடிக்காம வுட்டா, அது பாட்டுக்குக் கூட்டத்துல கெடக்கும். யாரு பாக்கப்போறா?"

அவர் யோசித்தார். "ஆனா பேரக் கூப்புடுவாங்களே? ஆளு இல்லன்னா தேட மாட்டாங்களா?"

"ஆளு இருந்தா தேட மாட்டாங்க இல்ல?"

வாசலைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். பெட்டியின்மேல் மதலேன் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"என் பேர்ல ஒரு பொம்பளையா? அதுவும் வாயும் வயிறுமா?"

மதலேன் இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "ஒங்க வூட்டுல எத்தினி ரூம்பு ஐயா?"

"பதிமூணு" என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

"எல்லாத்துலயும் ஆளு இருக்காங்களா?"

அவர் கடுக்கனைத் திருகினார்.

"பயப்படாதீங்க, ரூம்பு கேக்கல. வில்லைய மட்டும் குடுங்க."

பிள்ளைகளா, பெரிய மனுஷன் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். கையை என் பக்கம் நீட்டினார். முடிச்சை நான் பல்லால் கடித்து அவிழ்த்தேன். போகிறவர் படியில் நின்று, "பேர் பத்தரம்" என்று மதலேனிடம் சொல்லிவிட்டுப் போனார். ஒப்புக்கொண்டதுபோலவும் இருந்தது, மிரட்டினதுபோலவும் இருந்தது.

"தேவானை, இது பொய்" என்றார் முசியே.

"நான் எந்தப் பொய்ய எழுதினேன்? எனக்கு எழுதவே தெரியாதே முசியே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "நான் அடிக்க மாட்டேன். புதுசா எழுத மாட்டேன். எந்தப் பாய்ல யாரு படுக்கறாங்கன்னு பாக்கறது என் வேலயும் இல்ல." எனக்கு அது போதும். உங்களுக்கும் சொல்கிறேன், கூட வேலை செய்கிறவர் ஜன்னல் பக்கம் திரும்பும்போது அவரைத் திரும்ப இந்தப் பக்கம் இழுக்காதீர்கள்.

கிடங்கு திறந்த அன்று காலையில் பெரிய ஆபீசரே வந்துவிட்டார். மதராஸ் பக்கத்து ஆள். ஒல்லி, உயரம், சிரிப்பு என்பதே கிடையாது. சுவர் ஓரமாகப் பாய்கள், ஒவ்வொரு பாய்மேலும் ஓர் ஆள். எவ்வளவு கழுவியும் மல்லாட்டை வாசனை போகவில்லை. நான் கஞ்சித் தவலையோடு ஓரமாக நிற்கிறேன்.

"லிஸ்டைப் படியுங்கள்" என்றார் ஆபீசர். "ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும்."

இது எங்கள் கணக்கில் இல்லை. பேரைக் கூப்பிடுவார்கள், 'இருக்கேன்' என்று ஒரு சத்தம் வந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தோம். ஆபீசரோ பேருக்குப் பேர் பாய்க்கு முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்து, வில்லையைப் பார்த்துவிட்டு நகர்கிறார். கண்டுபிடித்தால் முசியேவுக்கு வேலை போகும், எனக்குக் கரண்டி போகும். அதெல்லாம் போகட்டும், மதலேன் திரும்பவும் தாழ்வாரத்துக்குப் போவாள். அவள் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து, வில்லை கட்டின கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

பேர் கிட்டே வர வர முசியேவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் உதடு மட்டும்தான் அசைந்தது.

"சத்தமாகப் படியுங்கள்."

"வீராசாமி மகன் தட்சிணாமூர்த்தி" என்றார் முசியே. "ஆண். வயது ஐம்பத்தெட்டு."

"இருக்கேன்" என்றாள் மதலேன்.

ஆபீசர் அவளுக்கு முன்னால் வந்து நின்றார். வில்லையைக் கையில் எடுத்து நம்பரைப் படித்தார். திரும்பி முசியேவைப் பார்த்தார். முசியே குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், நான் தவலைக்குள் பார்த்தேன். மறுபடி அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"தட்சிணாமூர்த்திக்கு எத்தனை மாதம்?" என்றார்.

"ஏழு முடிஞ்சி எட்டு, ஐயா."

அவர் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்தார். லிஸ்டின் நகலில் எதையோ எழுதப் போனார், எழுதாமல் திரும்பப் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டார்.

"இங்கே அடுப்புப் புகை வரும். தட்சிணாமூர்த்தியை ஜன்னல் ஓரமாகப் படுக்க வையுங்கள்" என்றார். "நர்ஸம்மா வந்தால் முதலில் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ம், அடுத்த பேர்?"